வெள்ளை ஓநாயும் சிங்கப்பெருமாளும்

சென்னை கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில், மறைமலைநகர் தாண்டியதும் வரும் நிலையம் சிங்கப்பெருமாள் கோவில். காலை ஆறு மணிக்கு அங்கே இறங்குகிறவர்களில் சாமி கும்பிட வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லாம் கழுத்தில் அடையாள அட்டை, முதுகில் பை, கையில் செல்போன் என்று ஒரகடம் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள். பஸ் கிளம்பியதும் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். மீதிப் பேரில் பலர் கேம் ஆடுவார்கள்.

அந்தக் கேமுக்குள் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தால்... துப்பாக்கி பிடித்த சிப்பாய், வரிசை சேர்த்தால் வெடிக்கும் மிட்டாய், எங்கோ ஒரு வெளிநாட்டு நெடுஞ்சாலையில் பறக்கும் கார். ஊருக்கே பெயர் கொடுத்த சிங்கப்பெருமாள் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் குன்றில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அந்தத் திரையில் அவர் இல்லை. இத்தனைக்கும் அந்த செல்போன் இதே ரோட்டின் மறுமுனையில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பூட்டப்பட்டதாகக்கூட இருக்கலாம்!

இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு நஷ்டம் இருக்கிறது. அது என்ன நஷ்டம் என்று புரிய வேண்டுமானால் ஜப்பான் வரை ஒரு நடை போய்விட்டு வர வேண்டும்.

ஒகாமி என்ற ஓநாய்

2006 ஏப்ரலில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2-க்காக ஒரு கேம் வெளிவந்தது. பெயர் 'ஒகாமி'. உருவாக்கியது குளோவர் ஸ்டூடியோ, வெளியிட்டது கேப்காம், இயக்குநர் ஹிதேகி காமியா. ஜப்பானிய மொழியில் ஒகாமி என்றால் ஓநாய். அதே உச்சரிப்பை வேறு எழுத்துகளில் எழுதினால் பெருந்தெய்வம் என்றும் பொருள் வரும். இந்தச் சிலேடைதான் மொத்தக் கதையும். சூரியக் கடவுளான அமதெராசு ஒரு வெள்ளை ஓநாயாக வந்து, சாபத்தில் கறுத்துப் போன நாட்டுக்கு மீண்டும் உயிர் கொடுக்கிறாள். ஆடுகிறவர் கையில் இருப்பது அந்த ஓநாய்தான்.

ஆடுகிறவர் கண்ணுக்கு அந்த ஓநாயின் உடம்பில் சிவப்புக் குறிகள் தெரியும். கதையில் வரும் மனிதர்களில் பெரும்பாலோருக்கு அது வெறும் வெள்ளை ஓநாய். சிலர் நாய் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். தெய்வம் தெருவில் நடந்து போகிறது, யாருக்கும் தெரியவில்லை. நம்மூர்ப் பாட்டிகள் சொல்லும் கதைகளிலும் சாமி இப்படித்தான் பிச்சைக்காரனாகவும் கிழவியாகவும் வரும் இல்லையா?

படம் பார்க்கவே அழகு. ஜப்பானிய மை ஓவியம் போலவே எல்லாம் கறுப்புத் தூரிகைக் கோடுகளால் ஆனவை. முதலில் அவர்கள் நிஜம் போலவே இருக்கும் முப்பரிமாணக் காட்சியாகத்தான் தொடங்கினார்கள். அந்தக் காலத்து இயந்திரத்தால் அதை இழுக்க முடியவில்லை. அதனால் சொந்த ஊரின் பழைய மை ஓவியத்துக்குத் திரும்பினார்கள். அதோடு நின்றிருந்தால் அது வெறும் அழகான கேம். ஓவியப் பாணிக்குப் போன பிறகு அவர்களுக்கு இன்னொரு யோசனை வந்தது: உலகமே ஓவியம் என்றால், ஆடுகிறவர் கையிலும் ஒரு தூரிகையைக் கொடுத்துவிடலாமே!

ஒகாமியில் ஒரு பட்டனை அழுத்தினால் உலகம் அப்படியே நின்று, தாளாக மாறும். வானத்தில் ஒரு வட்டம் போட்டால் சூரியன் வரும். பிறை வரைந்தால் இரவு வரும். பட்ட மரத்தைச் சுற்றி வட்டம் போட்டால் பூத்துக் குலுங்கும். உடைந்த பாலத்தின் விட்டுப்போன பகுதியைத் தீட்டினால் பாலம் முழுசாகும். எதிரி மேல் ஒரு கோடு இழுத்தால் அதுவே வாள் வெட்டு.

இதில் வரும் கதைகள் புதிதல்ல. 712-ல் தொகுக்கப்பட்ட 'கோஜிகி' என்ற நூலிலேயே எட்டுத்தலைப் பாம்பு ஒரோச்சிக்குச் சாராயம் கொடுத்து மயக்கிக் கொன்ற சுசானோவின் கதை இருக்கிறது. கேமில் அந்த சுசானோ வாய்ச்சவடால் விடும் சோம்பேறிக் குடிகாரனாக வருகிறான். அவன் வாளை ஓங்கும்போது, பின்னால் நிற்கும் ஓநாய் ரகசியமாகத் தூரிகைக் கோடு இழுக்கும். பாறை இரண்டாகும். தானே வெட்டியதாக அவன் நினைத்துக்கொள்வான். கடவுள் உதவுவது இப்படித்தான் என்று ஒரு வரி வசனம்கூட இல்லாமல் ஆடுகிறவருக்குப் புரிந்துவிடுகிறது.

விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ஐ.ஜி.என். தளம் அந்த ஆண்டின் சிறந்த கேம் என்று தேர்ந்தெடுத்தது. ஆனால் விற்பனை? படுத்துவிட்டது. 2007-ல் குளோவர் ஸ்டூடியோவையே மூடிவிட்டார்கள். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வர வேண்டியிருக்கிறது.

அனுமார் ஏன் தோற்றார்?

இந்தியாவில் இப்படி யாரும் முயற்சி செய்யவில்லையா என்றால், செய்தார்கள். அதே பிளேஸ்டேஷன் 2-க்காக 2009-ல் 'ஹனுமான்: பாய் வாரியர்' என்று ஒரு கேம் வந்தது. ஐதராபாத்தைச் சேர்ந்த அரோனா டெக்னாலஜீஸ் உருவாக்கியது, வெளியிட்டது சோனி. முழுக்க முழுக்க இந்தியாவிலேயே உருவான முதல் பிளேஸ்டேஷன் கேம் என்று விளம்பரம் செய்தார்கள்.

உடனே எதிர்ப்பு வந்தது, அதுவும் அமெரிக்காவிலிருந்து! அங்கே இயங்கும் ஓர் இந்து அமைப்பு, கோடிக்கணக்கான பேர் கும்பிடும் கடவுளைப் பட்டன் அமுக்கி ஆட்டிவைப்பது அவமதிப்பு என்று சொன்னது. கேமும் விமர்சகர்களிடம் அடி வாங்கியது. இன்றைக்கு அதை நினைவு வைத்திருப்பவர்கள் சொற்பம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே இயந்திரம். இரண்டிலும் ஆடுகிறவர் கையில் ஒரு தெய்வம். மூன்றே ஆண்டு இடைவெளி. ஒன்று காவியமானது, இன்னொன்று காணாமல் போனது. பணமும் அனுபவமும் ஒரு காரணம், மறுப்பதற்கில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அனுமார் கேமில் அனுமாரை எடுத்துவிட்டு வேறு எந்தக் கார்ட்டூன் வீரனை வைத்தாலும் விளையாட்டு மாறாது. ஓடு, குதி, அடி... அவ்வளவுதான். அனுமார் அங்கே மேல்பூச்சு. ஒகாமியில் தூரிகையை எடுத்துவிட்டால் விளையாட்டே இல்லை.

நாட்டார் கதையை வைத்துக் கேம் செய்வது என்றால் பழைய கதையின் ஆட்களுக்குப் பட்டுப் பீதாம்பரம் உடுத்தி ஓடவிடுவது இல்லை. அந்தக் கதை பிறந்த மக்கள் கையால் செய்யும் காரியம் எதுவோ, அது ஆடுகிறவரின் கைக்கு வர வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இது ஒன்றுதான்.

சாமியை ஆட்டிவைக்கலாமா?

அதற்கு முன்னால் அந்த எதிர்ப்புக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். தெய்வத்தை மனிதன் ஆடுவது நம் மண்ணில் அவமதிப்பா?

தஞ்சாவூர் மாவட்டம் மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி பாகவத மேளா நடக்கும். அதில் பிரகலாத சரித்திரத்தில் நரசிம்மராக வருபவர் விரதம் இருந்து, ஆண்டு முழுதும் பூஜையில் வைத்திருக்கும் முகமூடியை எடுத்து அணிகிறார். அணிந்ததும் ஆவேசம் வரும், பக்கத்தில் நிற்பவர்கள் அவரைப் பிடித்துக்கொள்வார்கள்.

வட தமிழகத்தில், அதாவது காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கங்களில், திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும். அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார், ஊரே கீழே நின்று கையெடுத்துக் கும்பிடும். கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் ஊர்ப் பொதுவிடத்தில் பிரம்மாண்டமாகப் படுத்திருப்பான். பீமன் அவன் தொடையைப் பிளப்பான், திரௌபதி கூந்தலை முடிப்பாள், பிறகு தீமிதி. இதில் எங்கே நாடகம் முடிகிறது, எங்கே வழிபாடு தொடங்குகிறது என்று கோடு கிழித்துச் சொல்லவே முடியாது.

ஆக, சாமியை மனிதன் ஆடுவது நமக்குப் புதிதல்ல. எப்படி ஆடுகிறான் என்பதுதான் கேள்வி. விரதம் இருந்து ஆடினால் வழிபாடு, கேலிக்கு ஆடினால் அவமதிப்பு. கேமுக்கும் அதே அளவுகோல் போதும்.

ராஜியும் வெண்பாவும்

2009-க்குப் பிறகு இந்தியக் கேம்கள் நிறையவே முன்னேறிவிட்டன. 2020-ல் புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் வெளியிட்ட 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' முக்கியமானது. தம்பி கோலுவைத் தேடிப் போகும் சர்க்கஸ்காரப் பெண் ராஜியின் கதை. துர்க்கையும் விஷ்ணுவும் கதை சொல்லிகள். ராஜஸ்தானக் கோட்டைகள், பஹாடி ஓவியப் பாணி, கதை நகரும் இடங்களில் நிழல் பொம்மைகள் என்று கண்ணுக்கு விருந்து. 2017-ல் இதற்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட முயன்று முடியாமல் போனது. அதையும் தாண்டி முடித்து, 2020 கேம் அவார்ட்ஸில் சிறந்த அறிமுகப் படைப்புக்கான பரிந்துரைப் பட்டியலில் இடம்பிடித்தார்கள். சுவரிலும் தூணிலும் தாவி அடிக்கும் ராஜியின் சண்டையில் சர்க்கஸ் தெரிகிறது. அது நல்ல விஷயம். ஆனால் புராணம் பெரும்பாலும் சுவர் ஓவியமாகவே நின்றுவிடுகிறது. ஆடுகிறவர் நின்று கதை கேட்டுவிட்டு, மறுபடி சண்டைக்குப் போகிறார். கதையும் பாதியில் நின்றது போல முடிகிறது.

தமிழில் இதைச் சரியாகச் செய்தது புராணமே இல்லாத ஒரு கேம்: 'வெண்பா'. கனடாவின் டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன வரிகளை ஆடுகிறவர்தான் சமைத்துச் சமைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் புதிரே இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதுதான்! மகன் தமிழை விட்டு விலகிப் போவதும், அம்மாவின் கைப்பக்குவம் அழிந்து போவதும் ஒரே கவலை என்று வசனம் பேசாமலே புரியவைக்கிறார்கள். 2024-ல் சுயாதீனக் கேம் விழாவின் பெரும்பரிசும், பாஃப்டாவின் சிறந்த அறிமுகக் கேம் விருதும் இதற்குக் கிடைத்தன.

பூதம் இல்லை, வாள் இல்லை, எட்டுத்தலைப் பாம்பு இல்லை. இட்லிக் குண்டான் இருந்தது. அது ஆடுகிறவரின் கையில் இருந்தது. உலகம் திரும்பிப் பார்த்தது.

உள்ளூர்க் கையிருப்பு

சரி, சிங்கப்பெருமாள் கோவிலுக்குத் திரும்புவோம். இந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் என்ன இருக்கிறது?

முதலில் கோயில். பாடலாத்ரி நரசிம்மர் குன்றைக் குடைந்து செதுக்கிய குடைவரையில் இருக்கிறார். பல்லவர் காலத்துக் கோயில். மூலவரும் மலையும் ஒன்றாக இருப்பதால் அவரைச் சுற்ற வேண்டுமானால் குன்றையே சுற்றி வர வேண்டும். அவருக்கு நெற்றிக்கண் உண்டு, அது நாமத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும். அர்ச்சகர் நாமத்தை விலக்கி ஆரத்தி காட்டும் அந்த ஒரு நொடி மட்டும் தெரியும். வெறும் ஓநாய் என்று நினைத்ததன் உடம்பில் சிவப்புக் குறி தெரிவது போலத்தான்!

அடுத்து கதை. இரணியன் வாங்கிய வரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பகலில் சாவு வரக்கூடாது, இரவிலும் கூடாது. வீட்டுக்கு உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது. மனிதனாலும் கூடாது, மிருகத்தாலும் கூடாது. எந்த ஆயுதத்தாலும் கூடாது. நிலத்திலும் கூடாது, வானத்திலும் கூடாது. இது ஒரு கேம் டிசைனர் உட்கார்ந்து எழுதிய புதிர்ப் பட்டியல் மாதிரி இல்லை? விடை என்ன? அந்தி நேரம், வாசற்படி, சிங்கமுகம், நகம், மடி. ஒவ்வொரு தடையிலும் ஓர் இடைவெளியைக் கண்டுபிடிப்பதுதான் கதை. நரசிம்மரை வைத்து 'அடி, உதை' கேம் செய்பவர் இந்தப் புதிரைக் குப்பையில் போட்டுவிட்டு சிங்க வேஷத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார் என்று அர்த்தம்.

மூன்றாவது கை. அதாவது கோலம். ஒகாமிக்குத் தூரிகை எப்படியோ, நம் வாசலுக்கு அரிசி மாவு அப்படி. புள்ளி வைத்து, கையெடுக்காமல் கம்பி இழுத்து, தொடங்கிய இடத்திலேயே கோட்டை முடிப்பது கண்ணும் விரலும் சேர்ந்து போடும் கணக்கு. இது வெறும் பெருமைப் பேச்சு இல்லை. இதே ரயில் பாதையில் இருக்கும் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களை எடுத்துக்கொண்டு, அவற்றை உருவாக்கும் விதிகளைக் கணினி அறிவியலின் இலக்கணமாக எழுதி 1974-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் என்ற பொருளையே நம்மூரில் பெரும்பாலோர் பார்த்திராத காலம் அது! கோலத்தைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் அடிப்படை வேலை நடந்து ஐம்பது ஆண்டு ஆகிவிட்டது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கோலம் போடும் இடம் எது? வாசல். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. விளக்கேற்றும் நேரம் எது? அந்தி. பகலும் இல்லை, இரவும் இல்லை. இரணியனின் வரத்தை உடைக்கும் இடமும் நேரமும் அந்த வீட்டுப் பெண்களின் அன்றாடத்திலேயே இருக்கின்றன. ஆடுகிறவர் கோலம் போட்டு வாசலை உண்டாக்குகிறார், விளக்கேற்றி அந்தியை வரவழைக்கிறார், தூண் பிளக்கிறது. ஆடுகிறவர் யாரையும் கொல்ல வேண்டியதில்லை, நரசிம்மர் வருவதற்கு வழி செய்தால் போதும். இதை ஒரு சின்ன கேமாகச் செய்தால், பட்டன் அமுக்கி சாமியை ஆட்டுகிறார்கள் என்று யாரும் சொல்லவும் முடியாது.

நான்காவது துணைப்பாத்திரம். ஒகாமியில் அமதெராசு பேசுவதே இல்லை. அவளுக்குப் பதில் வாய் ஓயாமல் பேசுவது இஸ்ஸுன் என்ற விரல்நுனி அளவு ஓவியன். ராஜாவுக்கும் சாமிக்கும் ஜனங்களுக்கும் நடுவில் நின்று கிண்டலடித்துக்கொண்டே கதையை நகர்த்துகிறவனை நம்மூரில் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும். அவன்தான் கூத்தில் வரும் கட்டியங்காரன். திரைக்குப் பின்னாலிருந்து பாடியபடி வேஷம் வெளிப்படும் திரைப் பிரவேசம், தோளிலும் தலையிலும் கட்டும் மரக்கட்டை அணிகள், முகவீணையின் சத்தம்... இதெல்லாம் எந்த ஸ்டூடியோவும் காசு கொடுத்து வாங்க முடியாத சரக்கு.

கணக்குப் பாடம்

"எல்லாம் சரி, இதனால் சோறு வருமா?" என்று கேட்பவர்களுக்கு வணிகவியல் பாஷையிலேயே பதில் சொல்லலாம்.

ஒகாமி வந்த அதே 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான பேருக்கு, குறிப்பாகக் கிராமத்துப் பெண்களுக்கு, முதல் சம்பளம் கொடுத்தது அந்த ஆலை. நோக்கியா என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது பாம்பு கேம். 1997-ல் நோக்கியா 6110-க்காக டானெலி ஆர்மன்டோ என்ற பின்லாந்துக்காரர் எழுதியது. 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. 2022-ல் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையும் கார் உற்பத்தியை நிறுத்தியது. வேறு கம்பெனிகள் வந்தன, இன்னும் வரும். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆலை போகும்போது இயந்திரத்தோடு அறிவும் போகிறது, ஊரில் மிஞ்சுவது அனுபவச் சான்றிதழ்தான்.

ஏசர் கம்பெனியின் நிறுவனர் ஸ்டான் ஷி 1990-களின் தொடக்கத்தில் ஒரு கோடு வரைந்து காட்டினார். சிரிக்கும் வாய் போல இரண்டு முனையும் மேலே, நடு கீழே. ஒரு முனையில் கண்டுபிடிப்பும் வடிவமைப்பும், மறுமுனையில் பிராண்டும் விற்பனையும். நடுவில், பள்ளத்தில், பாகங்களைப் பூட்டும் வேலை. மதிப்பு அதிகம் சேருவது இரண்டு முனைகளில். ஒரகடம் சாலை முழுக்க அந்தப் பள்ளத்தில்தான் ஓடுகிறது. கதை மேல் முனையைச் சேர்ந்த சரக்கு.

இப்போது ஞாபகம் வைத்திருக்கச் சொன்ன இடத்துக்கு வருவோம். குளோவர் ஸ்டூடியோவும் மூடப்பட்டது. ஆனால் ஒகாமி மூடப்படவில்லை. 2008-ல் வீ இயந்திரத்துக்கு வந்தது. 2012-ல் பிளேஸ்டேஷன் 3-க்கு மெருகேற்றி வந்தது. 2017-ல் கம்ப்யூட்டருக்கும் புதிய இயந்திரங்களுக்கும் வந்தது. 2018-ல் ஸ்விட்சுக்கு வந்தது. 2024 டிசம்பரில், அதே காமியா இயக்கத்தில் அடுத்த பாகம் வருகிறது என்று அறிவித்தார்கள். தோற்றுப்போன சரக்கு பதினெட்டு ஆண்டு கழித்தும் சம்பாதிக்கிறது. இரண்டு மூடல்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

பி.காம் படிக்கிறவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஒரு நிறுவனம் தனக்குள்ளேயே வளர்த்த நற்பெயரை ஐந்தொகையில் சொத்தாகக் காட்டக் கூடாது என்கிறது கணக்கியல் தரநிலை 26. விலை கொடுத்து வாங்கினால்தான் காட்டலாம். ஊருக்கும் அதே கதைதான். கோலமும் கூத்தும் எந்தக் கணக்கிலும் வராது, அதனால் அழிந்தாலும் நஷ்டக் கணக்கில் ஏறாது. ஒருநாள் வெளிநாட்டு ஸ்டூடியோ ஒன்று வந்து நரசிம்மர் கேமை எடுத்து விற்றால், அன்றைக்கு விலை தெரியும். அப்போது நம்மூர்ப் பிள்ளைகள் காசு கொடுத்து அதை இறக்கி ஆடுவார்கள்.

யார் செய்வது?

'கேம்' என்ற வார்த்தைக்கே நம்மூரில் கெட்ட பெயர். 2020-ல் பப்ஜி தடை. ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்திகள். 2023-ல் நடைமுறைக்கு வந்த தமிழக அரசின் சூதாட்டத் தடைச் சட்டம், 2025-ல் மத்திய அரசின் சட்டம். சூதாட்டத்தைத் தடுத்தது சரி. ஆனால் சீட்டாட்டத்துக்குத் தடை போட்டால் புத்தகக் கடையையும் மூட வேண்டும் என்று அர்த்தம் இல்லை. பெற்றோருக்கு இந்த வித்தியாசம் புரிகிற மாதிரி ஒரு நல்ல தமிழ்க் கேமை யாராவது கையில் கொடுத்தால்தான் பேச்சு மாறும்.

ஒகாமி அளவுக்கு யாரும் செய்ய வேண்டாம். அதற்குப் பெரிய கம்பெனியும் பெரிய பணமும் வேண்டும், அப்படியும் முதலில் தோற்றது. வெண்பா அளவுக்கு, ஒரே உட்காரலில் முடிகிற மாதிரி, சிறியதாகச் செய்யலாம். காட்டாங்குளத்தூர் முதல் ஸ்ரீபெரும்புதூர் வரை எத்தனை பொறியியல் கல்லூரிகள்! எத்தனை பேர் இறுதியாண்டுப் புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கி சமர்ப்பிக்கிறார்கள்! அதில் நான்கு பேர் சேர்ந்து ஒரே ஒரு கோலத்தையாவது கேமாக மாற்றலாம். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. இணையத்தில் படம் தேடி ஒட்டக் கூடாது. கோலம் போடுகிற அம்மாவிடம் உட்கார்ந்து அவர் எங்கே தொடங்குகிறார், எங்கே தயங்குகிறார் என்று பார்க்க வேண்டும். காஞ்சிபுரத்தில் 1990-ல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் போன்ற இடங்களைத் தேடிப் போய், வாத்தியார்களிடம் அடவையும் திரைப் பிரவேசத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வாத்தியார்களின் பெயரும் பங்கும் கேமில் வர வேண்டும், சம்பளமும் போய்ச் சேர வேண்டும்.

அவசரமும் இருக்கிறது. இரவு ஷிப்டுக்குப் போகிற பிள்ளையால் விடிய விடியக் கூத்துப் பார்க்க முடியாது. காலை ஷிப்டுக்கு நான்கு மணிக்கு எழுகிற பெண்ணால் இருபது புள்ளிக் கோலம் போட முடியாது, வாசலில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறாள். அவர்கள் மேல் தப்பில்லை, வயிறு முக்கியம். ஆனால் பார்க்க ஆள் இல்லாத கூத்து எத்தனை வருஷம் தாங்கும்?

ஒகாமியின் முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம் :) கடைசிச் சண்டையில் அமதெராசு சக்தி எல்லாம் இழந்து விழுந்து கிடக்கிறாள்.  அப்போது வாயாடி இஸ்ஸுன் ஊர் ஊராக ஓடி, அவளுடைய படத்தை வரைந்து கொடுத்துக்கொண்டே போகிறான். பார்த்தவர்கள் ஒவ்வொருவராக அவளை நினைத்துக் கும்பிடுகிறார்கள். ஓநாய் எழுந்து நிற்கிறது.

நாளை காலையும் ஆறு மணிக்கு ரயில் வரும், கம்பெனி பஸ் கிளம்பும், பாதிப் பேர் செல்போனை எடுப்பார்கள். சிங்கப்பெருமாளுக்கு வேண்டியது ஒரு இஸ்ஸுன். கோடு வரையத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். இரண்டு பேரும் இன்னும் உட்கார்ந்து பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.